இமைப்பூச்சு

தை 5, திங்கள்

மேல்தொட்டிக்கு நீர் ஏறவில்லை. நீரேற்றியைப் பழுதுபார்க்க ஆள் சொல்லியிருக்கிறேன். குணவதி கீழிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். நான் மாலைக் கூட்டத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் விழாவில் நான் பேசியபோது எடுத்த ஒளிப்படங்களைத் தம்பி மாவேந்தன் அனுப்பியிருக்கிறார். என் கூட்டங்களுக்கு ஊர்தியும் மேடையும் ஏற்பாடு செய்பவர் அவர். ஒரு படத்தில் எனக்குப் பின்னே இருந்த பெருந்திரையில் என் முகம் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கண்கள் மூடியிருக்கின்றன. என் பேச்சைக் கேட்டவர்கள் இதை அறிவார்கள். உச்சியில் ஒரு சொல்லை விடுக்கும் முன் நான் கண்களை மூடுவேன். அரங்கு மூச்சடக்கும். திறப்பேன், சொல் வெடிக்கும். "சொற்கனல் செம்பரிதி" என்று என் பெயருக்கு முன்னே மக்கள் ஒரு சொல்லைச் சேர்த்தது அந்தக் கணத்துக்காகத்தான்.

படத்தில் வலது இமைமேல் விரல்நகம் அளவுக்கு வெளுப்பு. மேடைவிளக்கின் ஒளி விழுந்திருக்கும் என்று கருதினேன். குளியலறைக்குள் சென்று வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் ஆடியில் பார்த்தேன்.

விளக்கொளி அன்று.

தை 8, வியாழன்

உறையூரில் என்னை அறியாதார் இல்லை. ஆதலால் நகரின் மறுகோடியில் உள்ள தோல் மருத்துவரிடம் சென்றேன். இளைஞர். இமையை விளக்கின்கீழ்ப் பார்த்தார்.

"விட்டிலிகோ சார். வெண்புள்ளி. ஒட்டாது, வலிக்காது, பயப்பட ஒண்ணுமில்ல. கிரீம் தர்றேன், பொறுமையா தடவுங்க. மறைக்கறேன்னு கண்டதையும் மேல பூசிடாதீங்க. உங்க கண்ணு ரொம்ப சென்சிட்டிவ், தூசிக்கே கலங்குது." எழுதுவதை நிறுத்திச் சிரித்தார். "பாருங்க, யார்கிட்டப் போயி இதைச் சொல்றேன்! பின்னாடி திரும்பிப் பாருங்க சார்."

திரும்பினேன். சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்தார்: "தோல், மானத்தின் இருப்பிடமன்று." கீழே என் பெயர்.

நானும் சிரித்தேன். அவரினும் உரக்கச் சிரித்தேன் என்று நினைவு.

வீட்டில் குணவதி என்னவென்று கேட்டாள். கண்கட்டி என்றேன்.

"கண்கட்டிக்கு அவ்ளோ தூரமா போனீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள். (திருமணத்தன்று நான் அவளுக்குப் பண்பரசி என்று பெயரிட்டேன். அப்பெயரால் அழைத்தால் அவள் இன்றளவும் திரும்பிப் பார்த்ததில்லை.)

தை 9, வெள்ளி

நீரேற்றி சீராயிற்று. கூட்டம் இல்லை.

தை 11, ஞாயிறு

இலால்குடி. திரை வைத்திருந்தார்கள். கண்களை மூடுவதில்லை என்று உறுதிபூண்டு மேடையேறினேன். சொற்கள் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக, தொடர்வண்டிப் பெட்டிகளைப் போல் வந்தன. ஒன்றும் வெடிக்கவில்லை.

திரும்பும் வழியில் மாவேந்தன் கேட்டார். "என்னண்ணே, இன்னிக்குக் கண்ணையே மூடலை? சனம் காத்துக்கிட்டே இருந்துச்சு. கடைசி வரிசையில ஒருத்தரு, 'அண்ணன் இன்னும் ஆரம்பிக்கலையா'ன்னு கேக்குறாரு. அப்ப நீங்க நன்றி சொல்லிக்கிட்டு இருக்கீங்க."

உடல்நலம் சரியில்லை என்றேன்.

தை 14, புதன்

சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஓர் அழகுப்பொருள் கடை. துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நுழைந்தேன். கடைப்பெண், "யாருக்கு சார்? பொண்ணுக்கா?" என்று கேட்டாள்.

"பள்ளி நாடகத்துக்கு" என்றேன்.

"ஐஷேடோல ஷிம்மர் வேணுமா, மேட் வேணுமா?"

எது எதுவென்று அறியேன். கேட்கவும் நாணம். தமிழில் இப்பொருளுக்கு இமைப்பூச்சு என்று பெயர் சூட்டிக்கொண்டேன். அதற்குமேல் என் புலமை உதவவில்லை. என் தோலை ஒத்த கபிலநிறத்தில் ஒரு பெட்டியைச் சுட்டினேன். தூள் மினுமினுத்தது. நாடகத்தில் அரசன் வேடமோ என்று கேட்டாள். ஆம் என்றேன்.

தை 15, வியாழன்

குணவதி கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது பூசிப் பார்த்தேன். பஞ்சுமுனையால் அள்ளி இமையின் ஓரம்வரை அப்பினேன். வெளுப்பு மறைந்தது. ஆனால் தூள் உதிர்ந்து கண்ணுக்குள் இறங்கிற்று. மிளகாய்ப்பொடி என்றே சொல்வேன். கை தன்னிச்சையாகத் தேய்த்துவிட்டது, பின்னும் எரிந்தது. இரு கண்களும் செங்கல் நிறமாயின.

வந்தவள் பார்த்தாள். "கண்கட்டி ரெண்டு கண்ணுக்கும் வந்துருச்சா?"

ஆம் என்றேன்.

தை 18, ஞாயிறு

எழுதக் கடினமான நாள்.

முத்துநகை என்னும் பெண்ணும் அவளை மணக்கவிருக்கும் இன்பராசுவும் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் பொன்மலைத் தொடர்வண்டிப் பணிமனையில் வேலை பார்ப்பவர்கள். தன்மதிப்புத் திருமணம்: வேள்வி இல்லை, ஓதுபவர் இல்லை, தலைமை ஏற்பவர் உரையாற்றி மாலைகளை எடுத்துக் கொடுப்பார், மணமக்கள் உறுதிமொழி கூறி மாற்றிக்கொள்வார்கள். அத்தலைமையை நான் ஏற்க வேண்டுமென்றார்கள்.

முத்துநகையின் உதடுகளைச் சுற்றியும் இரு கைகளிலும் வெண்மை படர்ந்திருக்கிறது. மறைக்க ஒன்றும் பூசியிருக்கவில்லை. குணவதி தேநீர் கொடுத்தபோது அந்தக் கைகள் கோப்பையை வாங்கியதை நான் பார்த்தேன். நான் பார்ப்பதைக் குணவதி பார்த்தாள்.

"காலேஜ்ல நீங்க வந்து பேசுனீங்க ஐயா," என்றாள் அந்தப் பெண். "தோலு மானம் இல்லைன்னீங்க. அன்னைக்கு ஹாஸ்டலுக்குப் போயி டப்பா, குப்பி, பிரஷ்ஷு எல்லாத்தையும் குப்பைல கொட்டுனேன். அதுக்கு முன்னாடி ஆறு மணிக்கு எந்திரிச்சு எட்டு மணி வரைக்கும் பூசுவேன். மழை பேஞ்சா கிளாசுக்குப் போக மாட்டேன்."

இன்பராசு இடைமறித்தான். "இப்ப எங்கம்மாதான் பிரச்சனை ஐயா. கல்யாணத்தன்னிக்கு ஒரு நாள் மட்டும் பூசிக்கிட்டா என்னன்னு மேக்கப் ஆளையே புக் பண்ணிட்டாங்க. கெட்டவங்க இல்ல. சொந்தக்காரங்க பேசுவாங்கன்னு பயம்."

"நீங்க வந்து மேடையில நின்னா அத்தை வாயே தொறக்க மாட்டாங்க," என்று சிரித்தாள் முத்துநகை.

ஒப்புக்கொண்டேன். மாசி 3. அவர்கள் போனபின் கோப்பைகளை எடுத்துக்கொண்டே குணவதி, "நல்லாப் பேசுங்க. நம்பி வந்துருக்கு அந்தப் புள்ள," என்றாள்.

பேசுவேன். பேச்சில் எனக்கு என்றும் குறை இருந்ததில்லை.

தை 20, செவ்வாய்

கைப்பேசியில் ஒலியைத் தாழ்த்தி வைத்து ஒப்பனைப் பாடம் பயின்றேன். "ஹாய் மக்களே" என்று தொடங்குகிறாள் ஒரு பெண். அவளுடைய தமிழில் பாதி ஆங்கிலம். முன்னொரு காலத்தில் இத்தகைய தமிழுக்கு எதிராக ஊர்வலம் சென்றவன் நான். இன்று மும்முறை திருப்பிக் கேட்டேன்.

கண் எளிதில் கலங்குவோர் மினுங்கும் தூளைத் தொடலாகாதாம். அந்தத் துகள்களே கண்ணை அறுப்பவை. மினுங்காத, மணமற்ற களிம்பு வகைதான் ஏற்றது. முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். கையைக் கழுவி, மோதிரவிரல் நுனியால் ஒற்ற வேண்டும், இழுக்கலாகாது. இமைமயிரை ஒட்டிப் பூசாமல் ஒரு நூலளவு விட வேண்டும். பூசியபின் உலரும்வரை கண்ணைத் திறக்கலாகாது. ஒருவர் பூச்சை மற்றவர் பயன்படுத்தலாகாது. அகற்றும்போது எண்ணெய் தோய்த்த பஞ்சை வைத்திருந்து மெல்ல எடுக்க வேண்டும்.

களிம்பு வாங்கிவிட்டேன். வேறு கடை. நாடகம் என்ற பொய்யே இம்முறையும் போதுமானதாயிற்று.

தை 24, சனி

மணப்பாறை. களிம்பு கரையவில்லை, கண் எரியவில்லை. மூன்று இடங்களில் கண்களை மூடினேன். மூன்று முறையும் அரங்கு அதிர்ந்தது. மாவேந்தன், "வந்துட்டாரய்யா பழைய அண்ணன்!" என்று முதுகில் தட்டினார்.

மகிழ்ச்சிதான். வீட்டுக்கு வந்து எண்ணெய்ப் பஞ்சால் துடைக்கும்போது ஆடியைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். காரணம் எழுதத் தேவையில்லை.

மருத்துவர் தந்த மருந்தை இன்னும் திறக்கவில்லை. பூச்சின்கீழ் மருந்து தங்காது.

தை 26, திங்கள்

துவைக்க எடுத்த தோள்பையிலிருந்து களிம்புச் சிமிழைக் குணவதி எடுத்துவிட்டாள். நான் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து நின்றாள்.

"இது யாருக்குங்க?"

படித்த தலைப்பையே மீண்டும் படித்தேன்.

"கேக்குறேன்ல. யாருக்கு வாங்குனீங்க?"

அப்போது என்னுள் நிகழ்ந்ததை உள்ளபடி எழுதிவிடுகிறேன். அவள் எதை எண்ணிக் கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. வேறொருத்திக்கு என்று அவள் எண்ணக்கூடும். ஒரு சொல் சொன்னால் அந்த எண்ணம் தீரும். அந்தச் சொல்லைச் சொல்ல நா எழவில்லை. இமையில் கறை உள்ளவனாக அவள்முன் நிற்பதைவிட நெஞ்சில் கறை உள்ளவனாக நிற்பது எளிது என்று தோன்றிற்று. நாளிதழின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"சரி," என்றாள்.

தை 27, செவ்வாய்

அவள் பேசவில்லை. சோறு வைத்தாள். இட்ட இடத்திலேயே உண்டேன்.

தை 28, புதன்

புதுக்கோட்டையில் உள்ள தங்கை வீட்டுக்குப் புறப்பட்டாள். எவ்வளவு நாள் என்று கேட்டேன்.

"தெரியலை. கல்யாணத்துக்கு நேரா வந்துருவேன். கூப்புட்டது அந்தப் புள்ள." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "தொட்டி ரொம்புனா மோட்டாரை நிறுத்துங்க. மறந்துராதீங்க," என்றாள்.

மறந்துவிட்டேன். மாடியெல்லாம் நீர்.

மாசி 3, ஞாயிறு

எழுதாமல் விட்டுவிடலாமா என்று எண்ணினேன். எழுதுகிறேன்.

காலையில் பார்த்தால் களிம்புச் சிமிழ் வீட்டில் இல்லை. குணவதி கேட்ட அன்று அது அவள் கையில் இருந்தது. அதன்பின் நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நூலடுக்கின் பின்னே அந்த மினுங்கும் தூள் மட்டும் இருந்தது. வாசலில் மாவேந்தன் ஊர்தியின் ஒலிப்பானை அழுத்திக்கொண்டிருந்தார். செய்யத் தகாதவை அனைத்தையும் மனப்பாடமாக அறிந்திருந்தும் அவற்றையே செய்தேன். பூசினேன்.

பொன்மலை மன்றம் நிரம்பியிருந்தது. மேடைக்கு இருபுறமும் திரைகள். முத்துநகை இலைப்பச்சைப் பட்டில், முகத்தில் ஒரு பூச்சும் இன்றி அமர்ந்திருந்தாள். திரையில் அவள் உதடுகளைச் சுற்றிய வெண்மை தெளிவாகத் தெரிந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் வரிசையில் மணமகனின் தாயார் வடிவுக்கரசி அம்மையார், இறுகிய முகத்துடன். அவரருகில் வரவழைக்கப்பட்ட ஒப்பனைப் பெண்மணி வேலையின்றிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இனிப்பு தின்றுகொண்டிருந்தார். நடுவரிசையில் குணவதி.

தொடங்கினேன். சொல் ஏறிற்று. அண்மைக்காலத்தில் அவ்வாறு ஏறியதில்லை.

"தாய்மார்களே! தோழர்களே! நிறம் என்பது ஞாயிறு நம் மேனியில் இட்ட கையெழுத்து. அதைத் திருத்தும் உரிமை எவருக்கு உண்டு? இந்தப் பெண் தன் முகத்தோடு உங்கள்முன் அமர்ந்திருக்கிறாள். முகம் இருந்தும் அதைப் பூச்சுக்குப் பின்னே ஒளித்துக்கொண்டு உலவுகிறவன் எவனோ, அவன்..."

கண்களை மூடினேன். அரங்கு மூச்சடக்கியது. மூடிய இமைக்குள் தூள் இறங்கிற்று.

"கோழை!"

திறந்தபோது ஒன்றும் தெரியவில்லை. நெருப்பு. கண்ணீர் தாரையாக வழிந்தது. அடுத்த சொல்லைத் தேடி நின்றேன். அந்த நிற்றலை அரங்கு வேறாகப் புரிந்துகொண்டது. எங்கோ ஒரு பெண் விம்மினாள். பின்னர் பலர். வடிவுக்கரசி அம்மையார் எழுந்து மேடைக்கே வந்துவிட்டார். முத்துநகையின் முகத்தை இரு கைகளாலும் ஏந்தி, "பெத்தவரு மாதிரி அவரு அழுவுறாரு, நான் உன்னைப் பூசிக்கச் சொன்னேனேடி," என்று அழுதார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

முத்துநகை எழுந்து வந்து தன் கைக்குட்டையை நீட்டினாள். வாங்கினேன். துடைத்தால் பூச்சு அதில் ஒட்டும். துடைக்காமல் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என் கன்னத்தைப் பார்த்தாள். அங்கே கண்ணீரோடு கபிலநிறத்தில் மினுக்கமும் வழிந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் அத்தனை பெட்டிகளையும் வைத்திருந்தவள் அவள். ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டாள்.

"ஐயா, மின்னுற பவுடரு கண்ணுக்கு ஆகாது," என்றாள் மெல்ல. "தேய்க்காதீங்க, இன்னும் உள்ள போகும். தண்ணியை வாரி அடிச்சுக் கழுவுங்க."

குரலில் ஏளனம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அவள் ஒலிவாங்கியை விட்டபோது அரங்கு என் சொல்லுக்காகக் காத்திருந்தது. "கலங்கிவிட்டேன், பொறுத்தருள்க," என்றேன். மீண்டும் கைதட்டல். மாலைகளை எடுத்துக் கொடுத்தேன்.

மன்றத்தின் பின்புறக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது குணவதி வந்தாள். முந்தானையிலிருந்து களிம்புச் சிமிழை எடுத்துக் குழாய்த்திண்டின்மேல் வைத்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"எது?"

"கண்ணு. மத்தியானத்துல சாஞ்சு தூங்குறப்போ மூடிக்கிட்டுத்தானே தூங்குறீங்க? ஆவணியிலயே பாத்துட்டேன். அப்ப மிளகு அளவுதான் இருந்துச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"பின் ஏன் யாருக்கு என்று கேட்டாய்?"

"அப்பவாச்சும் 'எனக்குத்தான்'னு சொல்லுவீங்கன்னு. பொம்பளை கிம்பளைன்னு ஒரு நிமிசம்கூட நான் நெனைக்கலைங்க. ஆனா நான் நெனைச்சுக்கிட்டாப் பரவால்லைன்னு பேப்பரைத் திருப்புனீங்க பாருங்க."

குழாயை அவளே நிறுத்தினாள்.

"வீட்டுக்கு வர்றேன். பேசுவேன்னு இல்ல."

மாசி 4, திங்கள்

நான் அழும் காட்சி கைப்பேசிதோறும் பரவியிருக்கிறதாம். மாவேந்தன் துள்ளிக்கொண்டு வந்தார். "நாலு ஊர்ல கேக்குறாங்கண்ணே. அந்த அழுவுற பேச்சேதான் வேணுமாம். பொன்மலைக்காரங்க திரும்பவும் கேக்குறாங்க, மாசி பதினேழு. இன்னும் பெரிய திரையாம்!"

குணவதி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கொஞ்சம் மிளகாய்ப்பொடி வாங்கி வைக்கட்டுமா?"

மாவேந்தனுக்கு விளங்கவில்லை. சிரித்தார்.

மாசி 10, ஞாயிறு

மணமக்களுக்கு விருந்து. இன்பராசுவின் தாயாரும் உடன் வந்தார். குணவதி வாழைப்பூ வடையும் பருப்புக்குழம்பும் ஆக்கியிருந்தாள். ஒரு வாரமாக அவள் என்னோடு பேசுவது உப்பு, நீர், பால் என்னும் அளவில்தான்.

இலையில் அமர்ந்ததும் வடிவுக்கரசி அம்மையார் தொடங்கினார். "ஐயா, உங்க கண்ணீரைப் பாத்துத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. எங்க வீட்டாளுங்க வாய் தொறக்கலையே! இவ்ளோ பெரிய மனுசரு அழுவுறாருன்னா சும்மாவான்னு எல்லாரும் அடங்கிட்டாங்க."

முத்துநகை இலையைப் பார்த்தபடி வடையைப் பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் எவரிடமும் சொல்லவில்லை என்பது தெளிவாயிற்று. குணவதி குழம்புக்கரண்டியோடு நின்றாள், என்னைப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் இந்த அம்மையாரின் மனம் பழையபடி திரும்பக்கூடும். சொல்லாவிடில் இந்தப் பெண் என் பொய்யைத் தன் வீட்டிலேயே வைத்துக் காக்க வேண்டும்.

"அம்மா," என்றேன். "நான் அழவில்லை. கண்ணில் பூச்சு எரிந்தது."

"என்ன பூச்சு?"

மேடையில் முப்பதாயிரம் பேர் முன்னே நடுங்காத நாக்கு நான்கு பேர் முன்னே ஒட்டிக்கொண்டது. ஆதலால் கண்களை மூடினேன். முன்னதாகவே இமையைக் கழுவிவிட்டுத்தான் இலையில் அமர்ந்திருந்தேன், அதற்குமட்டும் துணிந்திருந்தேன். எவ்வளவு நேரம் மூடியிருந்தேன் என்று அறியேன். இலைக்கு மேலே மின்விசிறி சுழலும் ஓசை கேட்டது.

"இதை மறைக்கத்தான் பூசினேன். அன்று கோழை என்றது என்னை."

கண்ணைத் திறந்தபோது அம்மையாரின் வாய் திறந்திருந்தது. "அப்போ... நான் அழுதது?"

"அது ஒரிஜினல்மா," என்றான் இன்பராசு.

குணவதிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. கரண்டியிலிருந்த குழம்பு தரையில் சொட்டிற்று. முத்துநகையும் சிரித்தாள். அம்மையார் சிரிக்கவில்லை. என் இமையையும் மருமகளின் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு கண்ணுல ஒரு பொட்டு பூசுனதுக்கே இவ்ளோ தண்ணி ஊத்துச்சா?" என்றார். பிறகு முத்துநகையிடம், "அந்தப் பொம்பளை முகம் பூரா நாலு அடுக்கு போடுவேன்னா. நான் அட்வான்சு குடுத்துட்டு வந்தேன்." இலையைத் தன்பக்கம் இழுத்து, "வடை இன்னொண்ணு வையிங்கம்மா," என்றார்.

அவர்கள் புறப்படும்போது முத்துநகையின் கைக்குட்டையைத் துவைத்து மடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். "கிரீமு தடவுறீங்களா ஐயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அவர்கள் போனபின் குணவதி மருத்துவர் தந்த மருந்தை எடுத்து வந்தாள். மூடி திறக்கப்படாமலே இருப்பதைப் பார்த்தாள். "மூடுங்க," என்றாள். மூடினேன். அவள் மோதிரவிரலால் ஒற்றினாள், இழுக்காமல். எங்கே கற்றாள் என்று கேட்கவில்லை.

"தள்ளித் தள்ளிப் போட்டு இப்ப பாருங்க, பெருசாயிருச்சு," என்றாள்.

மாசி 17, ஞாயிறு

பொன்மலை. மேடையேறுமுன் மாவேந்தன் காதில் சொன்னார்: "அண்ணே, அந்த இடத்துல கொஞ்சம் அழுதுருங்க." இன்று வராது தம்பி என்றேன். முகம் வாடினார்.

இமையில் மருந்து மட்டும் இருந்தது. திரை மெய்யாகவே பெரிது. கண்களை மூடவேண்டிய இடம் வந்தது. மூடினேன்.

அரங்கு மூச்சடக்கவில்லை. முதல் வரிசைகளில் ஒரு முணுமுணுப்பு எழுந்து பின்னே பரவிற்று. ஒரு குழந்தை, "அம்மா, அந்தத் தாத்தா கண்ணுல என்னது?" என்று உரக்கக் கேட்டது. எவரோ அதட்டினார், குழந்தை மீண்டும் கேட்டது. திறந்து ஓடிவிட வேண்டும் போல் இருந்தது. முகம் கொதித்தது. நாணம் அகன்றது என்று இங்கே எழுதினால் அது பொய்.

குழந்தை கேட்டு முடிக்கும்வரை மூடியே வைத்திருந்தேன்.